படம் சொல்லும் கதை: மணல் திட்டில் மாண்டவர்கள்

இம்முறை நாம் பார்க்கப் போவது ஒரு பழைய செதுக்குச் சித்திரம். புகைப்படக் கருவி இல்லாத அந்தக் காலத்தில், செப்புத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகக் கீறுவார்கள். கீறலில் மை நிரப்பி, ஈரக் காகிதத்தை அதன்மேல் வைத்து அழுத்தி எடுத்தால் படம் கிடைக்கும். அன்றைய மக்களுக்கு இதுதான் செய்திப்படம்.

படத்தில் பாய்மரக் கப்பல்கள் அலைகளில் சிக்கித் தத்தளிக்கின்றன. ரியர் அட்மிரல் பியூமாண்ட் குட்வின் மணல் திட்டில் மாண்ட பெரும்புயல் இது என்று தலைப்பு சொல்கிறது. 1703-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு இங்கிலாந்தின் தென்பகுதியைப் புரட்டிப் போட்ட புயல் அது.

இங்கிலாந்தின் தென்கிழக்கே டீல் என்ற கடலோர ஊர் இருக்கிறது. அதற்கு எதிரே, கடலுக்குள் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது குட்வின் மணல் திட்டு. நீர் பெருகும்போது திட்டு மறைந்துவிடும், வற்றும்போது தலைகாட்டும். ஊருக்கும் திட்டுக்கும் நடுவே கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்பது வழக்கம். அன்றிரவு காற்று அடித்த வேகத்தில் நங்கூரக் கயிறுகள் அறுந்தன. மேரி, நார்தம்பர்லாந்து, ரெஸ்டோரேஷன், ஸ்டர்லிங் காசில் ஆகிய நான்கு போர்க்கப்பல்கள் அந்தத் திட்டில் மோதி அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

பியூமாண்டுக்கு அப்போது வயது 34. அவர் இருந்த மேரி கப்பலிலிருந்து உயிர் தப்பியவர் ஒருவரே. தாமஸ் அட்கின்ஸ் என்பது அவர் பெயர். ஓர் அலை அவரைத் தூக்கி ஸ்டர்லிங் காசில் கப்பலில் எறிந்ததாம். அதுவும் மூழ்கும்போது இன்னோர் அலை அதன் படகுக்குள் தள்ளிவிட்டதாம்!

மறுநாள் காலையில் நடந்ததுதான் நெஞ்சை உருக்குவது. நீர் வற்றியிருந்த திட்டின்மேல் உயிரோடு பலர் அங்குமிங்கும் ஓடி, கரையை நோக்கிக் கையசைத்தார்கள். சில மணி நேரத்தில் நீர் மறுபடியும் ஏறிவிடும். கரையில் படகுகள் இல்லாமலில்லை. ஆனால் படகுக்காரர் சிலர் மிதந்து வந்த பொருள்களைப் பொறுக்குவதில் மும்முரமாக இருந்தார்களாம். டீல் நகரத் தலைவர் சைமன் பிரிச்சர்ட் சுங்கத்துறையாரிடம் படகு கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவரோ ஆட்களைத் திரட்டி, படகுகளைப் பலவந்தமாக எடுத்துக்கொண்டு போய், 200 பேருக்கு மேல் மீட்டு வந்தார்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? படம் சொல்லவில்லை. அதில் இருப்பது அட்மிரலின் பெயர். சொன்னவர் டேனியல் டீபோ. பின்னாளில் 'ராபின்சன் குரூசோ' எழுதியவர். சிறையிலிருந்து வெளிவந்து சில வாரமே ஆகியிருந்த அவர், புயலில் கண்டதையும் பட்டதையும் எழுதி அனுப்புமாறு பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றைத் தொகுத்து 1704-இல் 'புயல்' என்ற நூலை வெளியிட்டார்.

1979-இல் முக்குளிப்போர் ஸ்டர்லிங் காசில் கப்பலை அதே மணலில் கண்டுபிடித்தார்கள். மரமும் பீரங்கியும் கிடைத்தன. திட்டில் நின்று கையசைத்தவர்களைக் கடல் திருப்பித் தரவில்லை. அவர்கள் கதையைக் காத்துத் தந்தது கண்டவர்கள் எழுதிய எழுத்துதான்.

நம்மில் பலர் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். பாட்டனும் பாட்டியும் எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் வந்தார்கள், வழியில் என்ன பட்டார்கள் என்பது நம் வீட்டில் எங்காவது எழுதியிருக்கிறதா? முதலாளி பெயர் பலகையில் இருக்கும். நம் பெயரை நாம்தான் எழுத வேண்டும். வீட்டுப் பெரியவர் அருகில் இருந்தால், இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்.