ஆயுத வியாபாரமும் சட்டசபைக் காவலும்

அமெரிக்க தேசத்துச் சர்க்கார் தனக்கு வேண்டிய தேசங்களுக்குப் பீரங்கியும், ஆகாய விமானமும், வெடிகுண்டும் விற்பதென்றால் அதை அந்நாட்டுச் சட்டசபைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும், சட்டசபை வேண்டாமென்று தீர்மானித்தால் விற்பனையை நிறுத்திவிட வேண்டும் என்றும் அங்கு ஒரு சட்டம் இருந்து வருகிறது. 1976ஆம் வருஷத்து ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது அதன் பேர். தங்கள் நாட்டில் ஒரு குண்டு வெளியே போவதானாலும் ஜனப் பிரதிநிதிகளின் கண்ணுக்குத் தப்பிப் போக முடியாது என்கின்ற பாவனையில் அமெரிக்க ராஜதந்திரிகள் இச்சட்டத்தைக் காட்டிப் பெருமை பேசுவது வழக்கம். கண்ணுக்குத் தப்பாது என்பதே முழுவதும் நிஜமல்ல. அதைப் பின்னால் பார்ப்போம். அப்படித் தப்பாமல் பார்த்துவிட்டால்தான் என்ன? பார்த்துக் கொண்டிருப்பதைத் தவிர அந்தப் பிரதிநிதிகள் செய்யக்கூடியது என்ன என்பதே நமது கேள்வி. ஏனெனில், சட்டம் பிறந்து சுமார் ஐம்பது வருஷ காலத்தில், அச்சட்டப்படி கொண்டு வந்த மறுப்புத் தீர்மானத்தினால் ஒரே ஒரு விற்பனையாவது நின்று போயிற்று என்று காட்ட ஒருவராலும் முடியாது.

இது ஏதோ கடல் கடந்த நாட்டு வக்கீல்களின் வாதம், நமக்கென்ன என்று வாசகர்கள் தள்ளிவிடக் கூடாது. 2018 ஆகஸ்டு 9ந் தேதி யேமன் நாட்டில் தஹ்யான் என்னும் ஊர்ச் சந்தையில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு நின்றிருந்த ஒரு பஸ்ஸின் மேல் சவூதி அரேபியக் கூட்டணியின் விமானம் குண்டு போட்டது. செத்தவர்களில் 40 பேர் குழந்தைகள். சிதறிக் கிடந்த குண்டின் துண்டுகளைப் பார்த்த நிபுணர்கள் அது 500 பவுண்டு எடையுள்ள எம்.கே. 82 என்கிற அமெரிக்கக் குண்டு என்று சொன்னார்கள். அதுவும் குறி பார்த்துப் பாயும் லேசர் குண்டு! குறி தப்பாத குண்டுகளைக் கொடுத்தால் சாதாரண ஜனங்களின் சாவு குறையும் என்பதுதான் இந்த வியாபாரத்துக்குச் சொல்லப்பட்டு வந்த முதல் நியாயம் என்பதை இங்கு ஞாபகப்படுத்துகிறோம். 2015 மார்ச்சில் தொடங்கிய அந்த யுத்தத்தில் 2021 முடிவு வரை 3,77,000 பேர் மாண்டிருப்பார்கள் என்றும், அதில் பாதிக்கு மேல் பசியாலும் நோயாலும் போன உயிர்கள் என்றும் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்ட ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது.

நிற்க, சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெரிய யுத்தத் தளவாடம் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேற்பட்டாலும், மொத்தச் சரக்கு 5 கோடி டாலருக்கு மேற்பட்டாலும் காங்கிரசுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். (காங்கிரஸ் என்றவுடன் நமது ஊர்க் கட்சியை நினைத்துக் கொள்ள வேண்டாம்; அமெரிக்காவில் செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த சட்டசபைக்கு அதுதான் பேர்.) அறிவிப்புப் போன 30 நாளுக்குள் இரண்டு சபைகளும் மறுப்புத் தீர்மானம் செய்யாவிட்டால் வியாபாரம் நடக்கலாம். நேட்டோ நேச நாடுகளுக்கும், இஸ்ரேல், ஜப்பான், ஆஸ்திரேலியா, தென் கொரியா, நியூசிலாந்து ஆகிய ஐந்துக்கும் 15 நாள்தான் கெடு. பண வரம்பும் அவர்களுக்குத் தாராளம். ஆகவே நேசம் அதிகமாக அதிகமாகச் சோதனை குறையும் என்பது சட்டத்தின் தத்துவம். கடன் கொடுக்கிற செட்டியார் கூட மைத்துனன் வந்து கேட்டால்தான் பத்திரத்தை இரண்டு தரம் படித்துப் பார்ப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது, சபை பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். பணம் ஒதுக்க வேண்டுமானால் சபை ஆமென்று சொல்லியாக வேண்டும். வரி போடவும் அப்படியே. ஆனால் ஆளைக் கொல்லும் சாமானை அன்னியனுக்கு விற்பதற்கு மாத்திரம் சபை தூங்கினாலும் போதும்!

ஆதியில் இவ்வளவு மோசமில்லை. 1974ல் இந்த ஏற்பாடு முதலில் வந்தபோதும், 1976ல் சட்டமானபோதும், இரண்டு சபைகளும் சாதாரண மெஜாரிட்டியில் வேண்டாமென்றால் போதும். ஜனாதிபதியின் கையெழுத்து தேவையில்லை. 1981ல் ரீகன் சர்க்கார் சவூதிக்கு ‘அவாக்ஸ்’ என்னும் ரேடார் விமானங்கள் உள்பட 850 கோடி டாலர் சரக்கு விற்கப் புறப்பட்டபோது, பிரதிநிதிகள் சபை 301க்கு 111 என்று மறுத்தது. செனட்டில் மறுப்பு 48க்கு 52 என்று தோற்று, வியாபாரம் பிழைத்தது. அன்று ஜனாதிபதி ஒவ்வொரு செனட்டராகக் கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. கெஞ்ச வைத்ததே ஒரு காவல்தான்.

1983ல் அந்தக் காவலும் போயிற்று. போன விதம் விநோதமானது. கென்யாவில் பிறந்த இந்திய வம்சத்து மாணவர் ஒருவரை நாடு கடத்துவதா கூடாதா என்ற வழக்கில், சபை தானாகத் தீர்மானம் போட்டு நிர்வாகத்தின் உத்தரவை ரத்துச் செய்வது செல்லாது, எதுவானாலும் இரு சபைகளிலும் நிறைவேறி ஜனாதிபதியின் கையெழுத்துக்குப் போக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாணவர் தப்பித்துக் கொண்டார். நமக்கு அதில் சந்தோஷமே. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழல் ஆயுதச் சட்டத்தின் மேலும் விழுந்தது. 1986ல் சட்டத்தைத் திருத்தி, மறுப்புத் தீர்மானமும் ஜனாதிபதியிடம் போக வேண்டும் என்று ஆக்கினார்கள். அதாவது, விற்பவரிடமே போய், நீர் விற்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும்! அவர் மறுத்தால், பிறகு இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

திருத்தம் வந்த அதே வருஷத்திலேயே அதன் யோக்கியதை வெளியாயிற்று. சவூதிக்கு ஏவுகணை விற்பதை எதிர்த்துப் பிரதிநிதிகள் சபையில் 356க்கு 62, செனட்டில் 73க்கு 22 என்று தீர்மானம் நிறைவேறியது. ரீகன் மே 21ந் தேதி தமது வீட்டோவைப் போட்டார். ஜூன் 5ந் தேதி செனட்டில் திரும்ப ஓட்டெடுத்தபோது 66க்கு 34. வேண்டியது 67. ஒரு ஓட்டு! மே மாதம் பாவமாயிருந்தது ஜூன் மாதம் எப்படிச் சரியாயிற்று என்று, கட்சி மாறின கனவான்களை அவர்களுடைய தொகுதி ஜனங்கள் கேட்டார்களோ என்னமோ.

அதற்குப் பிறகு பெரிய பரீட்சை 2019ல் வந்தது. 2018 அக்டோபர் 2ந் தேதி பத்திரிகைக்காரர் ஜமால் கஷோகி இஸ்தான்புல் நகரத்துச் சவூதி தூதரகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டிருந்தார். தஹ்யான் குழந்தைகளின் நினைவும் மறையவில்லை. சவூதிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் இனிக் குண்டு வேண்டாம் என்று இரு கட்சியிலும் பேச்சு எழுந்தது. சபைக்கு வந்தால் தோற்போம் என்று கண்ட டிரம்ப் சர்க்கார், சட்டத்தில் இருக்கும் அவசர நிலை என்ற புழக்கடைக் கதவைத் திறந்தது. 2019 மே 24ந் தேதி வெளிநாட்டு மந்திரி பாம்பியோ, ஈரானால் அவசரம் ஏற்பட்டிருக்கிறது என்று சொல்லி, 22 வியாபாரங்களை, 810 கோடி டாலர் பெறுமானத்தை, கெடுவே இல்லாமல் அனுமதித்தார். செனட் ஜூன் 20ந் தேதி 22ஐயும் மறுத்தது. அதில் மூன்று தீர்மானங்களைப் பிரதிநிதிகள் சபையும் நிறைவேற்றியது. ஜனாதிபதி மூன்றின் மேலும் வீட்டோப் போட்டார். ஜூலை 29ந் தேதி செனட்டில் வீட்டோவைத் தள்ளுபடி செய்ய ஓட்டெடுத்தார்கள்: 45க்கு 40, 45க்கு 39, 46க்கு 41. நாம் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்தவரல்ல; ஆனாலும் 45 என்பது 40ஐ விடப் பெரிது என்கிற மட்டும் கணக்குத் தெரியும். மூன்று தடவையும் வேண்டாமென்றவர்களே அதிகம். மூன்று தடவையும் குண்டுகளே ஜெயித்தன.

அந்த ‘அவசரம்’ எப்படிப்பட்டது என்று விசாரித்துக் கொண்டிருந்த வெளிநாட்டு இலாகாவின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2020 மே மாதத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆகஸ்டில் அறிக்கை வந்தது. சட்டத்தின் வாசகப்படி அவசர நிலை அறிவித்தது தவறல்ல என்றும், ஆனால் சாதாரண ஜனங்கள் சாவதைத் தடுக்க வேண்டிய யோசனை சரியாகச் செய்யப்படவில்லை என்றும் அதில் சொல்லியிருந்தது. அவசரம் என்பதற்குச் சட்டத்தில் விளக்கமே இல்லாதபோது வாசகப்படி தப்பு எங்கிருந்து வரும்? கண்ணுக்குத் தப்பாது என்றார்களே, அதன் லட்சணமும் அந்த விசாரணையில் தெரிய வந்தது. 2017 ஜனவரி முதல் சவூதிக்கும் ஐக்கிய அரபு எமிரேட்சுக்கும், அறிவிப்பு வரம்புக்குக் கீழே இருந்ததால் காங்கிரசுக்குச் சொல்லாமலேயே நடந்த பரிமாற்றங்கள் 4,221. பெறுமானம் சுமார் 1,120 கோடி டாலர். சுங்கச் சாவடியில் மூட்டைக்குத்தான் வரி, பொட்டலத்துக்கு வரியில்லை என்றால் உலகத்தில் எவன் மூட்டை கட்டுவான்?

டிரம்பைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட நமக்கு இஷ்டமில்லை. அவரை எதிர்த்து வந்த பைடன் சர்க்காரின் வெளிநாட்டு மந்திரி பிளிங்கனும் 2023 டிசம்பரில், காஸா யுத்தத்தின் நடுவே, அதே அவசரக் கதவை ஒரே மாதத்தில் இரண்டு தடவை திறந்தார். ஒரு தடவை சுமார் 14,000 டாங்கிக் குண்டுகள், 10 கோடியே 65 லட்சம் டாலர். மறு தடவை பீரங்கிக் குண்டுச் சாமான்கள், 14 கோடியே 75 லட்சம் டாலர். 2025 மார்ச்சில் மறுபடியும் டிரம்ப் சர்க்கார் இஸ்ரேலுக்குச் சுமார் 400 கோடி டாலர் உதவியை அவசரம் என்றே அனுப்பியது. இஸ்ரேலுக்கான விற்பனைகளை மறுத்து செனட்டர் சாண்டர்ஸ் 2024 நவம்பரில் கொண்டு வந்த தீர்மானங்களுக்கு 20 ஓட்டுக் கூடக் கிடைக்கவில்லை; 2025 ஜூலையில் ஒன்றுக்கு 27 கிடைத்தது. கட்சி எதுவானால் என்ன, சாவி கையில் இருப்பவன் பூட்டை மதிப்பதில்லை.

சட்டம் இல்லாத இடத்தில் வழக்கம் காப்பாற்றுகிறதே என்று சிலர் சொல்லக்கூடும். அதாவது, அறிவிப்பு அனுப்புவதற்கு முன்னமே வெளியுறவுக் கமிட்டித் தலைவர்களிடமும் எதிர்க்கட்சி முதல்வர்களிடமும் ரகசியமாய்க் கேட்டுக் கொள்வது. அவர்களில் ஒருவர் பொறுங்கள் என்றால் பொறுத்திருப்பது. இதில் பலன் இல்லாமலில்லை. இந்தியாவுக்கு 31 ஆளில்லா விமானங்களை 399 கோடி டாலருக்கு விற்பதற்கான அறிவிப்பு 2024 பிப்ரவரியில்தான் போயிற்று. அமெரிக்க மண்ணில் ஒருவரைக் கொல்ல நடந்த சதி பற்றி முழு விசாரணை நடக்கும் என்று உறுதி பெற்ற பிறகே செனட் கமிட்டித் தலைவர் கார்டின் சம்மதித்தார். 2018ல் சவூதிக்கும் எமிரேட்சுக்கும் போக இருந்த குண்டுகளைப் பிடித்து நிறுத்தியவர் செனட்டர் மெனெண்டஸ். நல்ல காரியம்தான். ஆனால் அதே மெனெண்டஸ், எகிப்து சர்க்காருக்கு அனுகூலமாக நடக்கப் பணமும் தங்கக் கட்டிகளும் லஞ்சமாக வாங்கினார் என்று 2024 ஜூலையில் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, 2025 ஜனவரியில் 11 வருஷ தண்டனை பெற்றார். எகிப்துக்கு ராணுவ உதவியும் ஆயுதமும் தடங்கலில்லாமல் போகச் செய்வது அந்தக் குற்றச்சாட்டில் ஒரு பகுதி. ஒரு நாட்டின் பிள்ளைகளுக்காகக் கதவை அடைத்த கையே இன்னொரு நாட்டின் பணத்துக்குக் கதவைத் திறந்தது! வழக்கத்தை நம்பியிருப்பதன் கதி இதுதான். தனி மனிதனின் நல்ல குணத்தில் தொங்கும் காவலை நாம் காவல் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

இனி வியாபாரத்துக்குச் சொல்லும் சமாதானங்களில் முக்கியமான ஒன்றைப் பார்ப்போம். நாம் விற்காவிட்டால் ருஷியாவும் சீனாவும் விற்கும் என்கிறார்கள். சாராயக் கடைக்காரன் ஒவ்வொருவனும் இதைத்தான் சொல்கிறான். அன்றியும் இது உண்மையுமல்ல. சவூதியின் சண்டை விமானங்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் செய்தவை. அவற்றுக்கு உதிரிச் சாமானும், பழுது பார்க்கும் ஆளும், பொருந்தும் குண்டும் நாளைக்கே மாஸ்கோவிலிருந்து வந்துவிடாது. அதனால்தான் அமெரிக்கச் சபையின் ஒரு ஓட்டுக்கு யேமன் கிராமத்தில் அவ்வளவு மதிப்பு. வேலை வாய்ப்பு என்று சொல்லும் சமாதானத்துக்குப் பதில் எழுத நமக்கு மனமில்லை.

2021 பிப்ரவரியில் பைடன், யேமன் தாக்குதல்களுக்கான ஆயுத விற்பனையை நிறுத்துவதாகச் சொன்னார். 2024 ஆகஸ்டில் அவருடைய சர்க்காரே அந்தத் தடையை எடுத்துவிட்டது. நிறுத்தினதும் ஒருவர், திறந்ததும் அவரே. இரண்டு தடவையும் சபை ஓட்டுப் போடவில்லை.

பரிகாரம் பெரிய வித்தை ஒன்றுமல்ல. இப்போதிருக்கும் முறையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட விமானம், குண்டு, ஏவுகணை எதுவும் இரு சபைகளும் ஓட்டுப் போட்டு ஆம் என்றால்தான் போக வேண்டும். பேசாமலிருந்தால் போகக் கூடாது. அப்போது ஒவ்வொரு பிரதிநிதியும் இந்த வியாபாரத்தில் தன் பேரைப் பதிய வேண்டியிருக்கும். தொகுதிக்குப் போனால் ஜனங்கள் கேட்பார்கள். வரம்புக்குக் கீழே பொட்டலம் பொட்டலமாகப் போவதை ஒரு நாட்டுக்கு ஒரு வருஷத்துக்கு இவ்வளவு என்று கூட்டிக் கணக்கிட வேண்டும். அவசரம் என்பதற்கு அர்த்தம் எழுத வேண்டும். அவசரமாய் அனுப்பினதற்குச் சில நாளுக்குள் சபை ஒப்புதல் தராவிட்டால் மிச்சச் சரக்கு நிற்க வேண்டும்.

இது நமது சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. பைடன் செனட்டராயிருந்த 1980களில் அவரே இம்மாதிரி ஒரு ஏற்பாட்டைக் கேட்டவர். 2021 ஜூலையில் மர்பி, லீ, சாண்டர்ஸ் என்ற மூன்று செனட்டர்கள், ஒருவர் ஜனநாயகக் கட்சி, ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் எந்தக் கட்சியிலும் சேராதவர், ஒன்றாகச் சேர்ந்து இதே கருத்துள்ள மசோதாவைக் கொண்டு வந்தார்கள். அது நிறைவேறவில்லை. அதுவும் சட்டமாக வேண்டுமானால் ஜனாதிபதியின் கையெழுத்து வேண்டும்; அவர் மறுத்தால் செனட்டில் 100 பேரும் வந்திருக்கிற நாளில் 67 ஓட்டு வேண்டும். 1986ல் 66 வரைக்கும் வந்திருக்கிறார்கள்.