குர் என்னும் பெயர்

குஜராத்தின் சிறிய கச்சு ரண் என்னும் உவர்நிலத்தில், நீரும் நிழலும் அரிதாகிய கடுங்கோடையிலும் சுயேச்சையாய்ச் சஞ்சரிக்கும் காட்டுக்கழுதைக்குக் ‘குர்’ என்று பெயர். விலங்கியலார் இட்ட லத்தீன் நாமத்திலும் அச்சொல்லே நிலைபெற்றிருக்கிறது. இப்பிராணியைத் தமிழில் ‘கோவேறு கழுதை’ என்றெழுதுவது பெரும்பிழை. கோவேறு கழுதையோ, ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறந்து, பெரும்பாலும் சந்ததியின்றி முடிவது. சங்கப் பாடல்களில் நெய்தல் தலைவன் ஊர்ந்து வரும் அத்திரிக்கும் உரைகாரர்கள் அப்பொருளே கண்டனர். குர் மனிதனுக்கு வசப்படாத விலங்கு. 1960களில் நோய்வாய்ப்பட்டுச் சில நூறாகக் குறைந்து, 1973இல் சரணாலயம் அமைந்தபின் மெல்லப் பெருகி, 2024ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 7,672 ஆன இவ்வினத்தை, சந்ததியற்ற பிராணியின் பெயரால் அழைப்பது எங்ஙனம் தகும்?

தலைநகர் தில்லியின் முனிர்காவில் வளர்ந்து, அருகிலுள்ள இராமகிருஷ்ணபுரத்தின் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பயிலும் நம் குழந்தைகள், இந்தியில் கோவேறு கழுதையாகிய ‘கச்சர்’ வேறு, காட்டுக்கழுதையாகிய ‘ஜங்லி கதா’ வேறு என்று பேதமறிந்து பேசக்கூடியவர்கள். அவர்களுக்குத் தமிழில் அந்தத் தெளிவு மறுக்கப்படலாகாது. ஆகவே பாடநூல் எழுதுவோரும் பத்திரிகை ஆசிரியர்களும் இனிக் ‘காட்டுக்கழுதை’ என்றே எழுதி, பக்கத்தில் ‘குர்’ என்னும் பெயரையும் தருமாறு வேண்டுகிறேன்.