பதிவு செய்தவர் பெயர்



இந்த மாதத் தபாலில் நம் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் பிளஸ் டூ மாணவி. வாய்ப்பாட்டு கற்கிறார். ஆனால் மேடையேறிப் பாடுவதைவிட, பாட்டு எப்படிப் பதிவாகிறது என்பதில்தான் மனம் போகிறதாம். “சவுண்ட் இன்ஜினியர் ஆகணும்னு சொன்னா, அதெல்லாம் ஒரு வேலையான்னு அப்பா கேக்கறார். நீங்களாவது ரெண்டு வரி எழுதுங்க” என்று முடித்திருக்கிறார். இரண்டு வரியில் அடங்காது. இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த அப்பா சபரிமலைக்குப் போய் வந்தவராகத்தான் இருப்பார். இரவு நடை சாத்தும் நேரத்தில் ‘ஹரிவராசனம்’ ஒலிக்கும்போது மலையே அசையாமல் நிற்குமே! தேவராஜன் மாஸ்டர் இசையமைத்து யேசுதாஸ் பாடியது. நம் நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டுடியோ நடத்திய பி. சுப்பிரமணியம் 1975-ல் எடுத்த ‘சுவாமி ஐயப்பன்’ படத்தோடு வந்த மெட்டு. பாடியவரைக் குழந்தையும் சொல்லும். இசையமைத்தவரைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் குரலை மைக்கில் வாங்கி நாடாவில் இறக்கியவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் ஒருமுறையாவது கேட்டிருப்போம்?

இத்தனைக்கும் இந்தியாவில் இசைத்தட்டின் கதை ஒலிப்பதிவாளரிடம்தான் தொடங்குகிறது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கைஸ்பெர்க், பாடகி கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிந்தார். மைக் கிடையாது. புனல் போன்ற குழாயின் வாய்க்கு நேராக முகத்தை வைத்துப் பாட வேண்டும்; குரலின் அதிர்வே மெழுகுத் தட்டில் கோடாக விழும். மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். பாடி முடித்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கிருப்பவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே! பாடகர்களைத் தேடிப் போனவரும் கைஸ்பெர்க்தான், கருவியை இயக்கியவரும் அவர்தான். இன்று புரொட்யூசர், ரெக்கார்டிஸ்ட் என்று பிரிந்து நிற்கும் இரண்டு வேலைகளும் அன்று ஒரே ஆளின் கையில் இருந்தன.

நம் ஊருக்கு வருவோம். ஒரு காலத்தில் மலையாளப் பாட்டென்றாலும் கோடம்பாக்கம்தான். எழுதுகிறவரும் பாடுகிறவரும் ரயிலேறி மதராசுக்குப் போக வேண்டும். 1980-ல் யேசுதாஸ் வெள்ளயம்பலத்தில் தரங்கிணி ஸ்டுடியோவைத் தொடங்கிய பிறகு அந்த நிலைமை மாறியது. ஓணப் பாட்டும் ஐயப்பன் பாட்டும் கேசட்டாகி வீடு வீடாகப் போயின. 1992-ல் தரங்கிணி சென்னைக்கு இடம் மாறியது என்றாலும், அந்தப் பன்னிரண்டு வருடங்களில் இந்த ஊரிலிருந்தே உலகத்தரமாகப் பதிந்து அனுப்ப முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. சினிமா ஒலியிலும் அப்படித்தான். அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’, ‘முகாமுகம்’ இரண்டுக்கும் தேசிய விருது வாங்கியவர் பி. தேவதாஸ். ‘அனந்தரம்’ படத்துக்கு அவரோடு டி. கிருஷ்ணனுண்ணியும் என். ஹரிகுமாரும் பகிர்ந்துகொண்டார்கள். இங்கே சட்டக் கல்லூரியில் படித்த ரசூல் பூக்குட்டி 2009-ல் ஆஸ்கரே வாங்கி வந்தார்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். நண்பர் ஒருவரின் பக்திப்பாடல் பதிவுக்குப் போயிருந்தேன். அன்று முதலில் உட்கார்ந்தவர் மிருதங்கக்காரர். ரெக்கார்டிஸ்ட் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒரு மைக், இடப்பக்கமான தொப்பிக்கு ஒரு மைக் வைத்தார். தொப்பிப் பக்கத்து மைக்கை நாலு விரல் தள்ளினார், கேட்டார், இரண்டு விரல் திரும்ப நெருக்கினார். ஏ.சி. குளிரில் தோல் இறுகிச் சுருதி ஏறிக்கொண்டே இருந்தது. வித்வான் கல்லும் கட்டையுமாகத் தட்டித் தட்டிச் சேர்க்கிறார்; தொப்பியில் அப்பிய ரவை காய்ந்து நாதம் மாறுகிறது. ரெக்கார்டிஸ்ட் முகம் சுளிக்கவில்லை. ஏ.சி.யை நிறுத்திவிட்டு, “அவசரமே இல்லை சார், ரவையை ஒரு தடவை பார்த்துக்கலாம்” என்றார். பிறகு பாடகர் வந்தார். ‘ப’ என்ற எழுத்து வந்தபோதெல்லாம் மைக்கில் காற்று முட்டியது. வாயை மைக்குக்கு நேராக வைக்காமல் சற்றே ஓரமாக நின்று பாடச் சொன்னதும் அது போய்விட்டது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. சரணத்தில் ஓரிடத்தில் சுருதி ஒரு மயிரிழை இறங்கியது. அறையில் இருந்த நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ரெக்கார்டிஸ்ட் கவனித்தார். அதைச் சொல்லவில்லை. “பிரமாதம் சார். ஒரு சேஃப்டி டேக் மட்டும் எடுத்து வச்சுக்கலாம்” என்றார், அவ்வளவுதான். இரண்டாவது டேக் முதலாவதைவிட அழகாக வந்தது. காதும் வேண்டும், கருவியும் தெரிய வேண்டும், மனிதர்களின் மனமும் தெரிய வேண்டும். பாட்டு கற்ற பெண்ணுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்திருக்கிறது.

எச். ஸ்ரீதர் என்ற ஒலிப்பதிவாளரின் பெயரைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. ஏ.ஆர். ரஹ்மானின் பாட்டுகளில் நாம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ரசித்த துல்லியத்தில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்று நான்கு படங்களுக்குத் தேசிய விருது பெற்றவர். 2008 டிசம்பர் 1 அன்று காலமானார். மூன்று மாதம் கழியவில்லை, ரஹ்மான் இரண்டு ஆஸ்கர்களோடு மேடையில் நின்றார். அந்த இரவைப் பார்க்க ஸ்ரீதர் இல்லையே என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012-ல் திருத்திய காப்புரிமைச் சட்டம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் ஆகியோரின் ராயல்டி உரிமையைப் பலப்படுத்தியது. ஒலிப்பதிவாளருக்கு அதில் இடமில்லை. சட்டத்தின் கண்ணில் ஒலிப்பதிவின் கர்த்தா, பொறுப்பேற்றுத் தயாரித்தவர் மட்டுமே. கிராமி விருதில் 1959-ல் நடந்த முதல் விழாவிலிருந்தே ஒலிப்பதிவாளருக்குத் தனிப் பரிசு இருக்கிறது. நமக்கோ வானொலி அறிவிப்பில்கூட அவர் பெயர் வருவதில்லை. நேரங்காலம் இல்லாத வேலையும்கூட. காது கெட்டால் பிழைப்பே போச்சு: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, 88 ஆனால் நாலு மணி நேரம்தான் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒலியைக் குறைத்து வைத்து வேலை செய்யும் பழக்கம் முதல் நாளிலேயே வர வேண்டும்.

படிக்க இடமுண்டு. புணே திரைப்படக் கல்லூரி, கல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரிலுள்ள கல்லூரி, சென்னை தரமணியிலுள்ள திரைப்படக் கல்லூரி, நம் மாநிலத்திலேயே கோட்டயத்தில் கே.ஆர். நாராயணன் பெயரிலுள்ள கல்லூரி. பிளஸ் டூவில் இயற்பியலை விடாமல் படிப்பது நல்லது. பாட்டு வகுப்பையும் நிறுத்த வேண்டாம். இன்னொன்று, ஸ்ரீவராகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம் இருக்கிறது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி வந்து கொலுவிருக்கும் ஒன்பது நாளும் அங்கே கச்சேரி. கைதட்டக் கூடாது என்பது அங்குள்ள மரபு. தம்புராவின் நாதமும் வில் திரும்பும் ஓசையும் கடைசிவரை காதில் விழும். சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபி வரை ஒன்பது மாலையும் உட்கார்ந்து கேட்டால், எந்தக் கல்லூரியும் தராத பயிற்சி கிடைக்கும்.

வாசகர்களிடம் ஓர் உதவி வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டு, கேசட் இருந்தால் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ‘ரெக்கார்டிங்’ என்று பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். வானொலி நிலையத்திலோ ஸ்டுடியோவிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்களுடைய அனுமதியோடு அவர்கள் நினைவுகளை எழுதி வாங்குங்கள். எந்தப் பாட்டு, எந்த வருடம், யார் பதிந்தது என்ற மூன்றும் இருந்தால் போதும். நடை பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆவணி முடிவதற்குள் வந்து சேர்ந்தால் நவராத்திரி இதழிலேயே வெளியிட்டுவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்