‘கட்’ என்னும் கோடரி

நெல்லை அறுக்கிறோம், பூவைக் கொய்கிறோம், மரத்தை வெட்டுகிறோம், கரும்பைத் தறிக்கிறோம், காயை நறுக்குகிறோம், இளநீரைச் சீவுகிறோம், புல்லைச் செதுக்குகிறோம், கிளையைக் கழிக்கிறோம், தலையை மழிக்கிறோம். பொருளும் கருவியும் கைவினையும் வேறுபடச் சொல்லும் வேறுபடும். இத்துணைச் சொற்களை ஈன்ற மொழிக்குரியார் இன்று மரத்தையும் ‘கட்’ பண்ணுகின்றனர். காயையும் ‘கட்’ பண்ணுகின்றனர். தொலைபேசியையும் ‘கட்’ பண்ணுகின்றனர்! பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கட்டுரை ஏட்டில், ‘உழவர்கள் நெல்லைக் கட் செய்தனர்’ என்றிருக்கக் கண்டேன். அவன் உழவன் மகன்.

எவரிடம் கடன் வாங்குகிறோம்? ஆங்கிலத்தின் ‘சிசர்சு’ பிற்கால இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாகச் சென்றது. ‘டெய்லர்’ வெட்டுதலைக் குறிக்கும் பிரெஞ்சு வினையினின்று பிறந்தது. ‘கட்’டின் வேர் இன்னதென ஆங்கில அகரமுதலியாரே அறுதியிட்டுரைத்திலர். (ஒலியொப்புமை ஒன்றே கொண்டு அதனைக் கத்தியின் பிள்ளையென்று பறையறைவாரும் நம்முள் உளர். அது நமக்கு வேண்டா. உள்ள வளமே போதும்.)

இனி, ‘கத்தரி’ வடமொழிக் ‘கர்த்தரீ’யின் சிதைவென்பார் கூற்று. பரோ, எமனோ இருவரும் 1961இல் வெளியிட்ட திரவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலி கத்தியைத் திரவிட இனச்சொல்லாகவே காட்டுகின்றது. துளுவர், குடகர், கோத்தர், தோடர் யாவரும் அச்சொல்லை வழங்குவர். நீலமலைத் தோடர்க்கு வடமொழி கற்பித்தவர் யாவர்? அருகிருக்கும் கத்தியை விட்டுக் கத்தரிக்கு வடக்கே ஓடுவானேன்?

அவ்வழக்கை ஒதுக்கிவைப்பினும், கருவிக்குப் பெயரின்றித் தமிழன் இருந்தானல்லன். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடினியின் காதுக்குக் கத்தரிக்கோலின் கைப்பிடியை உவமை கூறுகின்றார்; அக்கருவியை ‘மயிர்குறை கருவி’ என்கின்றார். கேட்டார்க்கெல்லாம் கண்ணிற் பழகிய பொருளன்றோ உவமையாகும்? துணிக்கப்படுவதால் துணி, அறுக்கப்படுவதால் அறுவை. மதுரை அறுவை வணிகன் இளவேட்டனார் சங்கப்புலவருள் ஒருவர். அவர் தொழிலின் வழியினர் கடைதோறும் இன்று ‘டெயிலர்’ பலகை தொங்குகின்றது!

‘மழித்தல்’ திருவள்ளுவர் கூடாவொழுக்கத்தில் ஆண்ட சொல். அதனைத் தள்ளிச் ‘சவரம்’ என்னும் வடசொல்லை ஏற்றினோம். அதனையும் தள்ளிச் ‘சேவிங்’ என்கிறோம். ‘கட்டிங், சேவிங்’ என்னும் பலகையில் ‘முடிவெட்டு, மழிப்பு’ என்றெழுத அரசாணை வேண்டுவதில்லை. ஒரு கிண்ண வண்ணம் போதும். முடிதிருத்துவோர் நம் தோழர்; அடுத்த முறை நாற்காலியில் அமருமுன் அவரிடம் சொல்லுங்கள்.