வெந்நீர்த் தொட்டி: வாங்கும் முன் ஒரு கணக்கு

கடன் விண்ணப்பப் படிவத்தில் ‘கடனின் நோக்கம்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் ‘சொந்தத் தேவை’ என்று இரண்டே சொற்களை எழுதிவிட்டு அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுவோர் பலர். ஆனால், படிவம் முழுவதிலும் மிகுந்த சிந்தனையை வேண்டி நிற்பது அந்தச் சிறு கட்டமே என்று வங்கிப் பணியில் உள்ள நாம் கருதுகிறோம். நகர்ப்புறக் குடும்பங்கள் சிலவற்றின் விருப்பப் பட்டியலில் இன்று இடம்பெற்றுள்ள ஒரு பொருளைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறோம். ‘ஹாட் டப்’ என்றும் ‘ஜக்குஸி’ என்றும் வழங்கப்படும் வெந்நீர்த் தொட்டியே அது.

ஜக்குஸி என்பது உண்மையில் ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து சென்று கலிபோர்னியாவில் குடியேறிய அக்குடும்பத்தினர், நீரிறைக்கும் பம்புகளைத் தயாரித்து விற்றுவந்தனர். அவர்களுள் ஒருவரான கான்டிடோ ஜக்குஸியின் சிறு மகன் மூட்டுவாதத்தால் துன்புற்றான். அவனுக்கு நீர்ச் சிகிச்சை வீட்டிலேயே கிடைக்க வேண்டும் என்பதற்காக, சாதாரணக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கத்தக்க பம்பு ஒன்று 1940-களின் இறுதியில் உருவாக்கப்பட்டது. நீர்ச்சுழல் அமைப்பைத் தன்னுள்ளேயே கொண்ட தொட்டி 1968-இல்தான் வந்தது. முதலில் இருந்தது ஒரு குழந்தையின் வலி; அதற்கு வீட்டிலிருந்த தொட்டியும் ஒரு பம்பும் போதுமானவையாக இருந்தன. ஆடம்பரம் பின்னரே சேர்ந்தது. இன்று இப்பொருளை வாங்க நினைப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இந்த வரலாற்றிலேயே அடங்கியுள்ளது: இது யாருடைய எந்தத் தேவைக்காக?

புனே நகரில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். தந்தை பணி ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உடையவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்தள வீடு; அதனையொட்டித் திறந்த மொட்டைமாடி. நால்வர் அமரக்கூடிய தொட்டியை அங்கே நிறுவ மகன் விரும்புகிறார். பொருத்துகூலியும் மின்னிணைப்பும் சேர்த்து 4 லட்சம் ரூபாய் ஆகும் என வைத்துக்கொள்வோம். மகன் தனிநபர் கடன் வாங்க எண்ணுகிறார். “வட்டி எதற்குக் கட்டுகிறாய்? என் பணிக்கொடைப் பணம் வங்கியில்தானே இருக்கிறது, எடுத்துக்கொள்” என்கிறார் தந்தை. இருவரும் ஒருவர்பால் ஒருவர் கொண்ட அன்பினாலேயே பேசுகின்றனர். அன்பு நிறைந்த இடத்தில்தான் கணக்கு பெரும்பாலும் பார்க்கப்படாமல் போகிறது.

முதலில் கடன் வழியைப் பார்ப்போம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில், ஐந்து ஆண்டுகளில் தீர்க்கும் 4 லட்சம் ரூபாய்க் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 8,900 ரூபாய். கடன் தீரும்போது செலுத்தியிருக்கும் மொத்தத் தொகை சுமார் 5 லட்சத்து 34 ஆயிரம். தந்தை சொன்ன வழியில் வட்டி செலுத்த வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆயினும் வட்டி இழப்பு உண்டு. நிரந்தர வைப்பில் 6.5 விழுக்காடு கிடைப்பதாகக் கொண்டால், அந்த 4 லட்சம் ஆண்டுதோறும் 26,000 ரூபாய் ஈட்டித் தரும். அது நின்றுபோகும். தொட்டி பத்தாண்டு உழைக்கும் எனக் கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 40,000 ரூபாய். மின்சாரம், வடிகட்டி, நீரைச் சுத்தமாக வைத்திருக்கும் மருந்துகள், பழுதுபார்ப்பு ஆகியவற்றிற்கு 24,000 ரூபாய் வைப்போம். ஆக, ஆண்டொன்றுக்கு 90,000 ரூபாய்.

வாரத்திற்கு மூன்று முறை, அதாவது ஆண்டுக்கு 150 முறை பயன்படுத்தினால், ஒரு முறைக்கு 600 ரூபாய். ஆண்டுக்கு 20 முறை மட்டுமே பயன்படுத்தினால், மின்சாரச் செலவையும் பராமரிப்பையும் முற்றாக மறந்துவிட்டாலும், ஒரு முறைக்கு 3,300 ரூபாய். ஆகவே, தொட்டியின் உண்மையான விலையை முடிவு செய்வது நமது பயன்பாடே. விற்பவர் தரும் விலைச்சீட்டு அதனைச் சொல்லாது. முதல் மாதத்தில் எத்தனை முறை இறங்குவோம் என்பதை வைத்து மதிப்பிடாமல், மூன்றாம் ஆண்டின் ஏப்ரல் மாதத்தில் எத்தனை முறை இறங்குவோம் என்று எண்ணிப் பார்ப்பதே பொருந்தும். நமது நாட்டின் பெரும்பகுதியில் வெந்நீரை நாடும் பருவம் சில மாதங்களே என்பதையும் மறத்தலாகாது.

மின்சாரத்தைக் குறித்து ஒரு சொல். 1,000 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 38 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க, வீணாகும் வெப்பம் நீங்கலாகவே, 15 யூனிட் மின்சாரம் வேண்டும். சூட்டை நாள்தோறும் நிலைநிறுத்தினால் அதற்குத் தனிச் செலவு. பயன்பாடு கூடக் கூட யூனிட் கட்டணமும் உயரும் முறை பல மாநிலங்களில் இருப்பதால், தொட்டியின் பொருட்டு வீட்டின் மின்கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிடக் கூடும்.

பணத்தினும் பெரியதொரு கேள்வி எடையைப் பற்றியது. 1,000 லிட்டர் நீரின் எடை 1,000 கிலோ. தொட்டியின் எடை 250 கிலோ, அமரும் நால்வரின் எடை 250 கிலோ என்றால் மொத்தம் ஒன்றரை டன். இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் இது சதுர மீட்டருக்கு 375 கிலோ. கட்டடங்களின் சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875, குடியிருப்பு அறைகளின் தளத்திற்குக் கணக்கிடச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்குச் சுமார் 150 கிலோ மட்டுமே. கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியும் பெறாமல் மேல்தளத்தில் இதனை நிறுவுவது, கீழே வாழும் குடும்பத்தைக் கேளாமலே அவர்களது பாதுகாப்பைப் பணயம் வைப்பதாகும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவியும் இன்றியமையாதது.

நீரையும் நினைக்க வேண்டும். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடலுக்கான அளவுகோல். அதன்படி ஒரு தொட்டி நீர் ஏழு பேரின் ஒருநாள் தேவைக்கு ஈடு. நன்கு பராமரித்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பதால் இதனைப் பெரும் வீண் என்று சொல்லிவிட இயலாது. ஆயினும், 2024 மார்ச்சில் பெங்களூரு நீரின்றித் தவித்தபோது, கார் கழுவவும் தோட்டத்திற்கும் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டது. மீறினால் 5,000 ரூபாய் தண்டம் என்றும் அறிவிக்கப்பட்டது. டேங்கர் லாரியை எதிர்பார்த்துக் குடத்துடன் அயலார் நிற்கும் நாளில் நம் வீட்டுத் தொட்டி நிறைந்திருக்குமானால், அதில் இறங்க நமக்கே மனம் வராது.

இனி, தந்தையின் முழங்காலுக்கு வருவோம். இத்தகைய தொட்டிகளின் விளிம்பு பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று அடி உயரத்தில் இருக்கும். யாருக்காக வாங்குகிறோமோ அவரே அந்த விளிம்பைத் தாண்டி ஏறி இறங்க வேண்டும். ஈரக் காலுடன் வெளியேறவும் வேண்டும். படிக்கட்டும் கைப்பிடியும் உரிய உதவியும் இல்லையேல், வலி தீர்க்க வந்த பொருள் எலும்பு முறிவுக்குக் காரணமாகிவிடலாம். நீரின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டலாகாது. இதய நோய், இரத்த அழுத்தம் உடையோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இறங்க வேண்டும். ஆகவே, வாங்கும் முன் செல்ல வேண்டிய முதல் இடம் எலும்பியல் மருத்துவரின் அறையே.

யாருமே வாங்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. சிம்லா, முசோரி போன்ற குளிர்ந்த ஊர்களில் தரைத்தள வீடு உடையோர், மருத்துவர் நீர்ப்பயிற்சியை வற்புறுத்தியிருப்போர், விருந்தினர் இல்லம் நடத்தி அதனால் கூடுதல் வாடகை பெறக்கூடியோர் ஆகியோருக்குக் கணக்கு வேறாக அமையலாம். ஏனையோருக்கு வாடகையே மலிவு. வெந்நீர்த் தொட்டியுள்ள விடுதியில் ஆண்டுக்கு இருமுறை தங்கலாம். மணிகரண், வஜ்ரேஸ்வரி, ராஜ்கீர், பக்ரேஸ்வர் முதலிய இயற்கை வெந்நீர் ஊற்றுகளுக்குக் குடும்பத்துடன் சென்றும் வரலாம்.

கடன் வழங்கி வட்டி ஈட்டுவது வங்கியின் தொழில். அப்படியிருந்தும், வாடிக்கையாளர்களுக்கு நாம் முன்வைக்கும் யோசனை இதுவே: தொட்டி வாங்கும் எண்ணம் தோன்றினால், அதற்குச் செலுத்த நேரும் 8,900 ரூபாயை முதல் ஆறு மாதங்கள் தொடர் வைப்பில் செலுத்திப் பாருங்கள். அத்தொகையை மாதந்தோறும் ஒதுக்கக் குடும்பத்தால் இயல்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். ஆறு மாதங்களில் ஒரு பருவமேனும் மாறியிருக்கும்; விருப்பம் எஞ்சியிருக்கிறதா என்பதும் தெரியும். எஞ்சியிருந்தால் 53,400 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும்; அந்த அளவுக்குக் கடன் குறையும். எஞ்சவில்லையெனில் சேமிப்பு மிஞ்சும்.

தந்தையின் பணிக்கொடையை மட்டும் எவ்விதத்திலும் தொடலாகாது என்பது நமது உறுதியான கருத்து. மகனின் வருமானம் நாளை உயரலாம். ஓய்வு பெற்றவரின் முதல் மீண்டும் சேராது. அவரது முழங்காலுக்கு என்றேனும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், அன்று கைகொடுக்க வேண்டியது அந்த 4 லட்சமே.