மூட்டுவலிக்காரர்களுக்கும் ஒரு மலை

லண்டனில் மகனோ மகளோ வேலை பார்க்கும் பெற்றோர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. முதல் வாரம் அரண்மனை, மியூசியம், தேம்ஸ் படகு என்று ஓடிவிடும். இரண்டாவது வாரம், பிள்ளைகள் ஆபீஸ் போனபின் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர்களுக்கு ஒரு யோசனை: வாட்டர்லூ ஸ்டேஷனில் ஆல்ட்டனுக்கு டிக்கெட் வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். அங்கிருந்து பஸ்ஸிலோ டாக்ஸியிலோ செல்போர்ன் என்ற கிராமத்துக்குப் போய்விடலாம். கிராமத்து பஸ் அடிக்கடி வராது என்பதால் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது செல்போர்ன். ஒரே ஒரு தெரு, ஒரு தேவாலயம், மதுக்கடை, டீக்கடை. ஊருக்குப் பின்னால் சுவர் போல எழும் சரிவு முழுக்க பீச் மரங்கள். இப்படிச் சரிவில் தொங்குவதுபோல நிற்கும் காட்டை உள்ளூர்க்காரர்கள் 'ஹேங்கர்' என்கிறார்கள். ஊரிலிருந்து உச்சி சுமார் 300 அடிதான். மலை என்று சொன்னால் நம் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அறுபது வயதுக்கு மேல் நடக்க இதைவிடத் தோதான மலை கிடைப்பது அரிது.

இந்த வெள்ளைப் பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகியதுதான் இந்தச் சுண்ணாம்பு. டைனோசர்கள் வாழ்ந்த காலத்துச் சமாசாரம். கையில் தேய்த்தால் மாவாக ஒட்டும். நடுநடுவே சிக்கிமுக்கிக் கற்கள் கறுப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். பெய்யும் மழையைப் பாறை பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டு, அடிவாரத்தில் ஊற்றாக விடுகிறது. அதனால்தான் இந்தக் குன்றுகளில் உச்சி வறண்டும், ஊர்கள் காலடியிலும் இருக்கின்றன.

முதல் நாளைக்கு ஏற்ற நடை தேவாலயத்துக்குப் பின்னால் தொடங்குகிறது. கல்லறைகளைத் தாண்டி மேய்ச்சல் புல்வெளியில் இறங்கினால் ஒரு சிற்றோடை. சின்னப் பாலத்தைக் கடந்ததும் 'ஷார்ட் லித்', அடுத்து 'லாங் லித்' என்று இரண்டு சரிவுக்காடுகள். ஓடையை ஒட்டியே பாதை போகிறது. ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மரத்தடிகள் நீலப்பூக்களால் நிறைந்திருக்கும். இன்னும் கொஞ்சம் போனால், 1233-ல் நிறுவப்பட்ட துறவி மடம் இருந்த இடம் வரும். இப்போது அங்கே ஒரு பண்ணைதான். கால் வலித்தால் எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். அவசரமில்லாமல் போய்வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும்.

இரண்டாவது நடை ஹேங்கருக்கு. ஊருக்குப் பின்புறம் அடிவாரத்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று 'ஜிக்ஜாக்'. பெயருக்கேற்றபடி வளைந்து வளைந்து நேரே ஏறும், மூச்சு வாங்கும், உச்சியில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கலாம். மற்றது 'போஸ்டல்'. மரங்களுக்கிடையே குறுக்குவாட்டில் மெதுவாக ஏறுவது. மூட்டுவலிக்காரர்கள் இதையே தேர்ந்தெடுக்கலாம். மேலே போனால் செல்போர்ன் காமன் என்ற பொது மேய்ச்சல் நிலம், பழைய மரங்கள், மாடுகள். இதை நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. மழைக்குப் பின் சுண்ணாம்பு சோப்பு போல வழுக்கும். ரப்பர் அடி கொண்ட ஷூவும் ஒரு கைத்தடியும் அவசியம். அக்டோபர் கடைசியில் போனால் பீச் இலைகள் செம்பு நிறத்தில் உதிர்ந்துகொண்டிருக்கும்.

இந்த இரண்டு பாதைகளுக்கும் ஒரு கதை உண்டு. ஜிக்ஜாக்கை 1753-ல் வெட்டியவர்கள் கில்பர்ட் ஒயிட்டும் அவர் தம்பி ஜானும். போஸ்டல் அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து வந்தது. அப்போது ஒயிட்டுக்கும் அறுபது வயது நெருங்கிவிட்டது!

1720-ல் இதே ஊரில் பிறந்து 1793-ல் இதே ஊரில் இறந்தவர் ஒயிட். தேவாலயத்தில் துணைப் பாதிரியார் வேலை. பெரிய பதவியைத் தேடிப் போகவில்லை. வீட்டைச் சுற்றியிருந்த சில மைல்களில் நடப்பதும், பார்த்ததைக் குறித்து வைப்பதும்தான் அவர் வாழ்க்கை. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1789-ல் அவர் வெளியிட்ட செல்போர்ன் இயற்கை வரலாற்று நூல் இன்றுவரை அச்சில் இருக்கிறது. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் மூன்று கதிர்க்குருவிகளைக் குரலை வைத்தே வேறுவேறு இனம் என்று பிரித்துக் காட்டியவர் அவர். மண்புழு இல்லாவிட்டால் நிலம் செத்துப்போகும் என்ற கருத்தை 1777-லேயே எழுதினார். மண்புழுவைப் பற்றி டார்வின் புத்தகம் போட்டது 1881-ல்தான். இதற்கெல்லாம் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு நோட்டுப் புத்தகமும் நடப்பதற்குப் பாதையும் மட்டுமே.

அவரைக் கடைசிவரை அலைக்கழித்த கேள்வி, தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது. கடல் கடந்து போகின்றன என்று ஜிப்ரால்டரில் இருந்த தம்பி ஜானின் கடிதங்கள் சொல்லின. இங்கேயே எங்காவது ஒளிந்து தூங்குகின்றனவோ என்ற சந்தேகமும் ஒயிட்டை விடவில்லை. இங்கிலாந்துத் தகைவிலான்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடிவரை போகின்றன என்பது இன்று தெரிந்த விஷயம். அதே இனத்தின் வடக்காசியக் கூட்டம்தான் குளிர்காலத்தில் நம் ஊர் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பது.

ஊரைச் சுற்றி எத்தனை உழவாரன் குருவிகள் என்று எண்ணிப் பார்த்த ஒயிட்டுக்கு ஆண்டுதோறும் கிடைத்த கணக்கு எட்டு ஜோடி. இன்று அந்தக் கணக்குக்குத் தனி மதிப்பு வந்திருக்கிறது. 2021 டிசம்பரில் பிரிட்டன் உழவாரனையும், வீட்டு இறவாணத்தில் மண்கூடு கட்டும் ஹவுஸ் மார்ட்டினையும் மிக மோசமாகக் குறைந்துவரும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. மரங்களுக்கும் ஆபத்து. ஒயிட் அளந்து பார்த்த தேவாலயத்து யூ மரம் 1990 ஜனவரி புயலில் விழுந்தது. அடிமரம் மட்டும் மிச்சம். 2012-ல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய் ஆஷ் மரங்களைக் கொன்றுவருகிறது. என்ன குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால், முன்பு என்ன இருந்தது என்று யாராவது நடந்து பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

நடக்கவும் உரிமை வேண்டுமே? இங்கேதான் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய விவகாரம் இருக்கிறது. செல்போர்னைச் சுற்றியுள்ள வயல்களில் பெரும்பாலானவை தனியார் சொத்து. ஆனாலும் கோதுமை வயலின் நடுவே ஒரு பாதை போகும். முனையில் ஒரு மரக்கம்பத்தில் 'பொது நடைபாதை' என்று எழுதியிருக்கும். நிலச் சொந்தக்காரர் அதை அடைக்க முடியாது. உழுதாலும் குறித்த நாட்களுக்குள் பாதையைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிப்பட்ட பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர்!

இது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1932-ல் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் தடையை மீறி நடந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 1949-ல் வந்த சட்டம், ஒவ்வொரு பகுதியிலும் உள்ள பொதுப்பாதைகளை வரைபடத்தில் பதிவு செய்யச் சொன்னது. 2000-ல் வந்த சட்டம் மேட்டு நிலங்களிலும், பதிவான பொது நிலங்களிலும், செல்போர்ன் போன்ற பகுதிகளின் சுண்ணாம்புப் புல்மேடுகளிலும் பாதையை விட்டு விலகி நடக்கவும் அனுமதித்தது. கூடவே ஒரு கெடுவும் வைத்தது: பதிவாகாத பழைய பாதைகளை 2026 ஜனவரி 1-க்குள் பதிவு செய்ய வேண்டும். ராம்ப்ளர்ஸ் என்ற நடையர்கள் சங்கம் தொண்டர்களைக் கொண்டு பழைய வரைபடங்களைப் புரட்டிப் பார்த்தது. சுமார் 49,000 மைல் பாதை பதிவில் இல்லை என்று 2020-ல் தெரியவந்தது. கெடு 2031-க்குத் தள்ளப்பட்டது. கெடுவையே எடுத்துவிடப் போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது.

அந்த நாட்டுச் சட்டத்தில் இன்னொரு விதி. ஒரு வழியில் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையில்லாமல், உரிமையோடு நடந்துவந்தால் அது பொதுப்பாதை என்று கோரலாம். நம் நாட்டு 1882 ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலும் தனியார் நிலத்தின் மீதான வழிக்கு இதே 20 ஆண்டுக் கணக்கு இருக்கிறது. ஆனால் அது பக்கத்து நிலத்துக்காரர் தனக்கென்று பெறும் வழி. ஊர் மொத்தமும், வெளியூரிலிருந்து வந்தவரும்கூட, வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கலாம் என்ற பொது உரிமையை அந்தச் சட்டம் பேசவில்லை. நம் கிராமங்களில் குளத்துக்கும் கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் போன ஒற்றையடிப் பாதைகள் எத்தனை வேலிக்குள் போய்விட்டன என்று எண்ணிச் சொல்ல நம்மிடம் வரைபடமும் இல்லை, நடையர்கள் சங்கமும் இல்லை.

ஆகவே செல்போர்ன் போகிறவர்கள் மரியாதையாக நடந்துவிட்டு வாருங்கள். கேட்டைத் திறந்தால் மூடுங்கள். பயிர் நடுவே போகும்போது ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். தெருவில் ஒயிட் வாழ்ந்த 'தி வேக்ஸ்' என்ற வீடு இப்போது மியூசியம், டீயும் கிடைக்கும். தேவாலய வளாகத்தில் அவர் கல்லறையைத் தேடினால் சுலபத்தில் தென்படாது. முழங்கால் உயரம்கூட இல்லாத சிறு கல். பெயரின் இரண்டு முதலெழுத்துகள், இறந்த தேதி, அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் உங்கள் தெருமுனையிலிருந்து ஏரிக்கரைவரை ஒருநாள் காலையில் நடந்து பாருங்கள். வழி அடைபட்டிருந்தால் எங்கே, எப்போது, யாரால் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். என்றைக்காவது ஊர் கேட்கும்போது காட்ட அது உதவும்.