திருடன் அபுஜாவில், பெட்டகம் ஜெனீவாவில்

"ஆன்லைன் மோசடி: நைஜீரியர் கைது" என்ற செய்தியைக் கைப்பேசியில் காட்டி, "இவனுங்க ரத்தத்துலயே இருக்கு சார்" என்றார் சென்ற வாரம் கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர். நான்கைந்து தலைகள் ஆமோதித்து ஆடின. எதிர் வரிசையில் ஒருவர் "ஆப்பிரிக்கா முழுக்கவே அப்படித்தான்" என்று ஒரு கண்டத்தையே ரசத்தில் கரைத்துக் குடித்தார். ரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்னவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். காந்தி படம் போட்ட தாள் இல்லாமல் அங்கே கோப்பு நகராது என்பது ஊரறிந்த விஷயம். அவர் ரத்தத்தை இதுவரை யாரும் சோதிக்கச் சொன்னதில்லை.

நைஜீரியாவில் ஊழல் மலைமலையாக இருக்கிறது. நைஜீரியர்களைவிட அதைப் பற்றி அதிகம் எழுதியவர்கள் யாருமில்லை. நாவலாசிரியர் சினுவா அச்செபே 1983-லேயே தலைவர்களைக் கூண்டில் ஏற்றித் தனிப் புத்தகமே போட்டார். பிறகு 2004-லும் 2011-லும் அரசு கொடுத்த தேசிய விருதை வேண்டாம் என்று திருப்பினார். என் கேள்வி வேறு. அந்த மலையைக் கட்டியவர்கள் எல்லோரும் நைஜீரியர்கள்தானா?

சானி அபாச்சாவை எடுத்துக்கொள்வோம். 1993 நவம்பரில் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி. 1998 ஜூனில் பதவியிலேயே செத்தார். இந்த நாலரை ஆண்டுக்குள் அவரும் கூட்டாளிகளும் சுருட்டியது 300 கோடியிலிருந்து 500 கோடி டாலர்வரை என்று மதிப்பிடுகிறார்கள். முறை ரொம்ப எளிது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் 'பாதுகாப்புக்கு அவசரமாகப் பணம் வேண்டும்' என்று கடிதம் எழுதுவார். அபாச்சா ஒப்புதல் கையெழுத்துப் போடுவார். மத்திய வங்கி ரொக்கமாகவும் பயணக் காசோலையாகவும் எடுத்துக் கொடுக்கும். இந்த ஒரு வழியில் மட்டும் 200 கோடி டாலருக்கு மேல் போனது என்கிறது அமெரிக்க நீதித்துறை.

போனது சரி, எங்கே போனது? அபாச்சாவின் சொந்த ஊரான கானோவில் பரண்மேல் மூட்டை கட்டியா வைத்தார்கள்? சுவிட்சர்லாந்து, லண்டன், லக்சம்பர்க், லிக்டென்ஸ்டைன், ஜெர்சி தீவு என்று, பூமியில் மிகச் சுத்தமான தெருக்களுக்குப் பெயர்போன ஊர்களுக்கெல்லாம் போனது. கோட்டும் டையும் கட்டிய கனவான்கள் வாசல்வரை வந்து வாங்கிக்கொண்டார்கள். ராணுவச் சம்பளக்காரரின் குடும்பத்துக்கு இத்தனை கோடி எப்படி வந்தது என்று கேட்கும் அறிவு, கொள்ளைக்காரர் உயிரோடு இருந்தவரை அவர்களில் யாருக்கும் வரவில்லை. சுவிஸ் அரசு கணக்குகளை முடக்கியது 1999-ல், அபாச்சாவை அடக்கம் செய்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு. 2005-ல் சுவிஸ் உச்ச நீதிமன்றமே அபாச்சா கூட்டத்தைக் குற்றக் கும்பலாகக் கருதிப் பணத்தைத் திருப்பச் சொன்னது. கும்பல் என்றால் பணம் பறிப்பவனும் ஒளித்து வைப்பவனும் சேர்ந்ததுதானே? வங்கி எந்தக் கணக்கில் வரும்?

லண்டன் இன்னும் அழகு. பிரிட்டிஷ் நிதிக் கண்காணிப்பு அமைப்பு 2001-ல் விசாரித்தபோது, அபாச்சா குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் தொடர்புள்ள கணக்குகள் 23 வங்கிகளில் இருந்தது தெரிந்தது. நான்கு ஆண்டுகளில் அவற்றில் புரண்ட பணம் 130 கோடி டாலர். 15 வங்கிகளில் கண்காணிப்பு மோசமாக இருந்தது என்று அறிக்கை சொன்னது. அந்த 15 வங்கிகளின் பெயர்? வெளியிடவில்லை. நம் ஊரில் விசா முடிந்து தங்கிய ஒரு நைஜீரிய வாலிபர் பிடிபட்டால் பெயர், வயது, முகம், அறையில் இருந்த குக்கர்வரை படம் வருகிறது. 130 கோடி டாலருக்குப் பாய் விரித்த வங்கிக்குப் பெயரே கிடையாது. இதில் எந்த வங்கிக்கு நைஜீரிய ரத்தம்?

ரத்தக் கட்சி கொஞ்சம் அநாகரிகம் என்று நினைப்பவர்கள் வறுமைக் கட்சியில் இருக்கிறார்கள். 'பாவம், பசி, அதனால் திருடுகிறார்கள்' என்று உச்சுக்கொட்டுவார்கள். அபாச்சா பசியிலா திருடினார்? 300 கோடி டாலருக்கு எந்த வயிறு பசிக்கும்?

காரணம் தேடுகிறவர்கள் எண்ணெயில் தேடட்டும். 1956-ல் ஒலோய்பிரி என்ற கிராமத்தில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது. 1960-ல் விடுதலை. 1970களில் விலை எகிறியதும் அரசு வருமானத்தில் பெரும்பகுதி எண்ணெயாகிவிட்டது. மக்களிடம் வரி கேட்க வேண்டாத அரசு மக்களுக்குக் கணக்கும் சொல்ல வேண்டாம். மாதாமாதம் மத்திய அரசும் 36 மாநிலங்களும் உள்ளாட்சிகளும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அங்கே ஆளுநர் என்பவர் தேர்தலில் ஜெயித்து மாநிலத்தை ஆள்பவர். பதவியில் இருக்கும்வரை அவர்மேல் வழக்குப் போட அரசியல் சட்டத்தின் 308-ஆம் பிரிவு விடாது. 'பாதுகாப்பு நிதி' என்று ஒரு தொகை கைக்கு வரும். அதற்குத் தணிக்கை இல்லை. பூட்டு இல்லாத கல்லாவை நடுத்தெருவில் வைத்துவிட்டு, கைவைத்தவனின் ரத்தப் பிரிவைக் கேட்பது என்ன விசாரணை?

ஆங்கிலேயர் போன பிறகுதான் கெட்டது என்று ஒரு பாட்டு உண்டு. தலைவனே இல்லாமல் ஊர்க்கூட்டம் கூடி முடிவெடுத்து வாழ்ந்த இக்போ மக்கள்மேல், நியமனச் சீட்டுக் கொடுத்துத் தலைவர்களை உட்கார வைத்தது யார்? பிரிட்டிஷ் அரசு. அந்தத் தலைவர்கள் லஞ்சம் வாங்கினார்கள், நிலம் பறித்தார்கள். 1929-ல் வரி பயமும் சேர்ந்துகொள்ள, ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் இறங்கி அவர்களைப் பதவியிலிருந்து விரட்டக் கிளம்பினார்கள். ஆங்கிலேயத் துப்பாக்கி 50-க்கும் மேற்பட்ட பெண்களைச் சுட்டுக் கொன்றது. லஞ்சம் எந்தப் பக்கம் இருந்தது, ரத்தம் எந்தப் பக்கம் சிந்தியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1975-ல் நடந்த சிமென்ட் கூத்தும் இதே கதை. ராணுவ அரசு ஏறத்தாழ 2 கோடி டன் சிமென்டுக்கு ஆர்டர் கொடுத்தது. லாகோஸ் துறைமுகம் ஆண்டுக்கு இறக்கக்கூடியது சுமார் 10 லட்சம் டன். நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் வரிசை கட்டி நின்றன. காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நைஜீரியா தாமதக் கட்டணம் கொடுக்க வேண்டும். இது தெரிந்ததும் உடைக்கப் போட வேண்டிய ஓட்டைக் கப்பல்களையெல்லாம் வெளிநாட்டு வணிகர்கள் அங்கே அனுப்பினார்கள், நின்றாலே காசு. கமிஷன் அடித்த அதிகாரிகள் நைஜீரியர்கள். கப்பல் முதலாளிகள்?

நைஜீரியாவின் போனி தீவு எரிவாயு ஆலையைக் கேளுங்கள். 600 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களைப் பிடிக்க, அமெரிக்கா, பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. லஞ்சத்துக்காக இடைத்தரகர்களுக்கு மட்டும் ஒதுக்கியது சுமார் 18 கோடி டாலர். முக்கியத் தரகர் லண்டன் வழக்கறிஞர். அமெரிக்க நிறுவனமான கேபிஆர் 2009-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதன் தலைமை அதிகாரியாக இருந்தவர் சிறைக்குப் போனார். இந்தக் கொடுக்கல் வாங்கல் தொடங்கியது 1994-ல். அப்போது தலைநகர் அபுஜாவில் யார் ஆட்சி? அபாச்சாவேதான். வாங்கியவர் ரத்தத்தில் ஊழல் என்றால் கொடுத்த நான்கு நாட்டு ரத்தமும் எந்தப் பிரிவு?

2016 மே மாதம் லண்டனில் ஊழல் ஒழிப்பு மாநாடு. அதற்கு முன் அரண்மனை விழா ஒன்றில் பிரதமர் டேவிட் கேமரன், நைஜீரியாவை அபார ஊழல் நாடு என்று ராணியிடம் வர்ணித்தது கேமராவில் பதிவானது. அதற்கு முந்தைய மாதம்தான், பனாமா ஆவணங்களில் கேமரனின் தந்தை நடத்திய வெளிநாட்டு முதலீட்டு நிதி வெளிவந்து, அதில் தனக்கும் பங்கு இருந்ததை அவர் ஒப்புக்கொண்டிருந்தார். நைஜீரிய அதிபர் புகாரியிடம் மன்னிப்பு வேண்டுமா என்று கேட்டார்கள். மன்னிப்பு வேண்டாம், எங்கள் சொத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். புகாரியும் ஒரு காலத்தில் துப்பாக்கியோடு ஆட்சியைப் பிடித்தவர்தான், புனிதர் இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்கு எதிர்ப்பதில் இன்றுவரை இல்லை. ஜெர்சி தீவில் கிடந்த அபாச்சா பணத்தில் 31 கோடி டாலர் நைஜீரியாவுக்குத் திரும்பியது 2020-ல். செத்து 22 ஆண்டு. அதுவரை அந்தப் பணத்துக்கு வட்டி தின்றது யார் ரத்தம்?

'சரி, அது மேல்தட்டு. தெருக் குற்றம்?' என்பார்கள். 1985-ல் ஒரு டாலருக்கு நைஜீரிய நாணயமான நைரா ஒன்றுகூட முழுதாகத் தேவைப்படவில்லை. எண்ணெய் விலை சரிந்தது. 1986-ல் உலக வங்கி, பன்னாட்டு நிதியத்தின் மருந்தை அரசு விழுங்கியது. 1990களின் நடுவில் அரசு நிர்ணயித்த விலையே டாலருக்கு 22 நைரா. பட்டம் வாங்கியவன் கையில் செல்லாத சம்பளம், கண் முன்னே கார் அணிவகுப்பில் போகும் தளபதி. 'என் பெட்டியில் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க உதவுங்கள்' என்ற கடித மோசடி அந்தக் காலத்தில்தான் செழித்தது. அதையும் நைஜீரியர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஸ்பானியச் சிறையில் வாடும் பணக்காரக் கைதியின் பெயரால் ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஓடிய பழைய வித்தை. நைஜீரியக் கடிதத்தை உலகம் நம்பியதற்கும் காரணம் இருக்கிறது: அபாச்சாவின் கோடிகள் உண்மையிலேயே அப்படித்தானே போய்க்கொண்டிருந்தன!

எண்ணெய் எடுக்கும் நைஜர் டெல்டாவில் ஆள்கடத்தல், குழாய் உடைப்பு என்று பயமுறுத்துவார்கள். அங்கே ஓகோனி நிலத்தை ஆராய்ந்த ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-ல் கொடுத்த அறிக்கையைப் படித்தார்களா? ஓர் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் பென்சீன், அனுமதித்த அளவைப்போல 900 மடங்குக்கும் மேல். மீனும் இல்லை, வயலும் இல்லை. அமைதி வழியில் நியாயம் கேட்ட எழுத்தாளர் கென் சரோ-விவாவை 1995 நவம்பர் 10 அன்று மேலும் எட்டுப் பேரோடு தூக்கில் போட்டார்கள். போட்டவர் யார்? வேறு யார், அபாச்சா. எண்ணெய் வாங்குவதை எந்த நாடு நிறுத்தியது? ஒன்றுமில்லை.

ரத்தக் கட்சியார் டோரா அகுன்யிலியை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. போலி இன்சுலினால் தங்கையைப் பறிகொடுத்தவர். 2001-ல் நைஜீரிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைவரானார். லஞ்சத்துக்கும் மிரட்டலுக்கும் மசியவில்லை. 2003-ல் அவர் காரைச் சுட்டார்கள்; தலைத்துணியைத் துளைத்துக்கொண்டு குண்டு போனது. மறுபடி வேலைக்கு வந்தார். அவர் இறக்குமதித் தடை விதித்த மருந்து நிறுவனங்களின் பட்டியலில் எந்த நாட்டுப் பெயர்கள் அதிகம் தெரியுமா? இந்தியா, சீனா. நம் ரத்தத்தைப் பற்றி லாகோஸ் பந்தியில் என்ன பேசியிருப்பார்களோ!

இங்கே நாம் என்ன செய்கிறோம்? திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் வாங்க வந்து நம்மூர்க் கடைகளுக்குக் காசு கொடுக்கும் நைஜீரிய வியாபாரிக்கு வாடகை வீடு கொடுக்க யோசிக்கிறோம். சினிமாவில் போதைப் பொட்டலம் விற்க ஆள் வேண்டுமென்றால் ஒரு கறுப்பு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்கு வசனம்கூட எழுதாமல் விடுகிறோம். 2017-ல் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பையன் இறந்ததும், நரமாமிசம் தின்றார்கள் என்ற வதந்தியை நம்பி நைஜீரிய மாணவர்களை வணிக வளாகத்துக்குள் துரத்தித் துரத்தி அடித்தது நம் நாட்டுக் கூட்டம். தொலைபேசி மோசடிக்கு ஜார்க்கண்டின் ஜாம்தாரா ஒரு தலைநகரம். அதற்காக ஜார்க்கண்ட் ரத்தத்தை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. தென்னாப்பிரிக்க அரசையே வளைத்துப்போட்டதாக விசாரணை ஆணையம் சொன்ன குப்தா சகோதரர்கள் எந்த ஊர்? உத்தரப் பிரதேசத்துச் சஹாரன்பூர். 'ஆப்பிரிக்க ஊழல்' என்று தலைப்புப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாமே.

ரத்தம் என்ற வாதத்தில் எனக்கு உள்ள பெரிய கோபம் அது நைஜீரியர்களை அவமதிக்கிறது என்பதுகூட இல்லை. அது எல்லாக் குற்றவாளியையும் விடுதலை செய்துவிடுகிறது. ரத்தத்தில் ஊறியதற்கு யாரைத் தண்டிப்பது? அந்த வாதப்படி கடிதம் எழுதிய ஆலோசகர் தப்பினார், எடுத்துக் கொடுத்த மத்திய வங்கி தப்பியது, வாங்கி வைத்த 23 வங்கிகள் தப்பின, கமிஷன் வெட்டிய வழக்கறிஞர் தப்பினார். 22 கோடிக்கும் மேற்பட்டவர்களின் நரம்புகளைக் குற்றம் சொல்லிவிட்டால் கடைசியில் நிம்மதியாகத் தூங்கப்போகிறவர் ஒருவர்தான், அவர் பெயர் சானி அபாச்சா.